கொல்லைப்புறத்துக்கு வரும் பருவங்கள்

[திரையில்: துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில் ஒரு சிறு பறவை. படம் சற்று மங்கல். கீழ் மூலையில் தேதி.]

வணக்கம். நீங்கள் பார்க்கும் இந்தப் படத்தை எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. பறவையின் அலகு தெளிவாக விழவில்லை. பின்னால் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை தெரிகிறது. ஆனாலும் இதுவரை எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். காரணம், அதன் மூலையில் இருக்கும் தேதி. சைபீரியா, வட சீனா போன்ற வடபுலங்களில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே கிளம்பிய பழுப்புக் கீச்சான் ஒன்று, மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கம்பியில் அந்த ஆண்டு முதன்முதலாக வந்து அமர்ந்த நாள் அது.

நம் நாட்டில் வெயிலையும் மழையையும் தவிர வேறு பருவம் ஏது என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் பகலின் நீளம்கூட ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அரை மணி நேரம்தான் கூடிக் குறைகிறது. ஆனால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எப்போது கூடு கட்டுகிறார்கள் என்று ஒரே கொல்லையைத் தொடர்ந்து பார்த்து, பார்த்ததைத் தேதியோடு படமெடுத்து வைத்தால், இங்கும் பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரியும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த வீடியோ.

[திரையில்: கொல்லையின் முழுத் தோற்றம். கறிவேப்பிலை மரம், வாழை, பப்பாளி, வேலியோரம் செம்பருத்தி. அப்பால் கால்வாய், அதற்கும் அப்பால் செம்பனை (எண்ணெய்ப் பனை).]

எங்கள் கொல்லை பெரியதன்று. ஒரு ரம்புத்தான் மரம், இரண்டு வாழைமரங்கள், அம்மா வளர்த்த கறிவேப்பிலை, வேலிக்கு வெளியே ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தோட்டம் தொடங்குகிறது. தாத்தா காலத்தில் அது முழுவதும் ரப்பர். இப்போது ஓரத்தில் நிற்கும் சில பால்மரங்களைத் தவிர எல்லாம் செம்பனையாகிவிட்டது. எங்களுக்கு அடுத்த ஊரான கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட கன்றுகளோடுதான் இந்த நாட்டு ரப்பரின் கதையே தொடங்குகிறது என்பதால், அந்தச் சில மரங்களைப் பார்க்கும்போது எனக்குத் தனியொரு மதிப்பு உண்டு. அவை பருவம் காட்டும் மரங்களும்கூட. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வெளிச்சம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டின் முதல் நாளில் அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டது. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று, பிற்பகல் ஒன்றே கால் மணியளவில். காலை எட்டு மணி என்று கடிகாரம் சொன்னாலும் வெயில் இன்னும் சாய்வாகத்தான் இருக்கும். நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக ஏறிவிடுவதால் அந்த மென்மையான ஒளி நீண்ட நேரம் நிற்பதில்லை. ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் பறவையின் முதுகு வெளுத்து, வயிறு இருண்டுவிடும்.

இரண்டாவது, நாற்காலி. பறவையைத் தேடி நடப்பதைவிட, முதுகில் வெயில் படும்படி ஒரு நாற்காலியைப் போட்டு ஒரே இடத்தில் தினமும் அரை மணி நேரம் உட்காருவது நல்ல பலன் தரும். நான்கைந்து நாட்களில் கொல்லைக்கு வரும் உயிர்கள் உங்களை வாழைமரத்தைப் போல ஒரு பொருளாக ஏற்றுக்கொண்டுவிடும். கேமராவைப் பொறுத்தவரை 300 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் இருந்தால் போதுமானது. கிளையில் துள்ளும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை ஐந்நூற்றில் ஒரு விநாடிக்குக் குறையாமலும், பறக்கும் தகைவிலானுக்கு இரண்டாயிரத்தில் ஒரு விநாடியளவிலும் வைக்கலாம். கறிவேப்பிலையில் இருக்கும் புழுவுக்குக் கைப்பேசியே போதும்.

நம் தட்பவெப்பத்தில் கேமராவுக்கு உண்மையான எதிரி ஈரப்பதம். என் முதல் லென்ஸை அலமாரியில் துணிகளோடு வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருந்தால் அது நேர்ந்திருக்காது. குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தாலும் லென்ஸில் நீர் படியும். பைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டு வெளியெடுங்கள்.

[திரையில்: பழுப்புக் கீச்சான், இம்முறை தெளிவாக.]

இனி செப்டம்பர். கீச்சானை அடையாளம் காண்பது எளிது: பழுப்பு முதுகு, கண்ணை மறைத்துச் செல்லும் கறுப்புப் பட்டை, கொக்கிபோல் வளைந்த அலகு நுனி. விலாப்புறத்தில் செதில்போல மெல்லிய கோடுகள் இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஆண்டு பிறந்த இளம்பறவை. வந்த சில நாட்கள் கரகரவென்று ஓயாமல் கத்தும். இது என் இடம் என்று மற்றக் கீச்சான்களுக்கு அறிவிக்கும் குரல் அது. ஒரு முறை எல்லை வகுத்துக்கொண்ட கொல்லைக்கே அடுத்த ஆண்டும் திரும்பி வருவது இந்தப் பறவையின் வழக்கம். ஆகவே உங்கள் வீட்டுக் கம்பியில் இருப்பது போன வருடத்து விருந்தாளியாகவே இருக்கக்கூடும்.

படமெடுக்கக் கற்றுக்கொள்பவர்களுக்குக் கீச்சானைப் போல ஓர் ஆசிரியர் இல்லை. அது உயரமான, திறந்த இடத்தில் உட்காரும்; தரையில் வெட்டுக்கிளியைக் கண்டதும் பாய்ந்து இறங்கும்; கவ்வியதும் அநேகமாக அதே கம்பிக்குத் திரும்பும். பறவையின் பின்னால் கேமராவை ஓட்டாமல், கம்பியைக் குறிவைத்துக் காத்திருங்கள். வானம் பின்னணியாக இருந்தால் பறவை கரிக்கட்டைபோல் விழும். கேமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) கூட்டல் ஒன்றில் வைத்தால் கண் தெரியும். இதே இனம் இதே மாதங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் வலசை போகிறது. எங்கள் பாட்டனார் விட்டுவந்த ஊரின் வேலியிலும் இந்நேரம் ஒரு கீச்சான் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

[திரையில்: தெருவிளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல்கள்.]

அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் பிற்பகல் இடியும் மழையும் பிடித்துக்கொள்ளும். தீபாவளியை ஒட்டிய இந்நாட்களில், நல்ல மழை விட்ட மாலையில் மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும். அன்று கொல்லை முழுவதும் விருந்து. மேலே தகைவிலான்கள் வாயைத் திறந்தபடி வட்டமிடும். கீழே தேரைகள் விளக்கடியில் வரிசையாக உட்காரும். சுவரில் பல்லிகள் அசைய முடியாத அளவுக்குத் தின்றிருக்கும். இருட்டியபின் கால்வாய்ப் பக்கம் கன்று கத்துவதுபோல ஓர் ஒலி எழும். அது மழைநீரில் மிதந்தபடி தொண்டையை ஊதிக் கூப்பிடும் பருத்த பழுப்புத் தவளை. இங்கே படத்தைவிட ஒலிப்பதிவு அதிகம் சொல்லும். கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிந்து தேதியிட்டு வையுங்கள்.

பொங்கல் நெருங்கும்போது குயிலின் குரல் ஓங்கத் தொடங்கும். உரக்கக் கூவுவது கறுப்புநிற ஆண். பெண் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இலைக்குள் ஒளிந்திருக்கும், பப்பாளி பழுத்தால்தான் வெளியே வரும். இந்தக் குயிலின் பின்னால் தோட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அமாவாசையன்று நாம் சோறு வைத்து அழைக்கும் சாம்பல் கழுத்துக் காகம் இம்மண்ணுக்குரிய பறவையன்று. 1890களில் காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தக் காகம் பெருகப் பெருக, அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கத் தொடங்கியது. முன்பெல்லாம் பெரும்பாலும் வலசைக் காலத்தில் மட்டும் வந்துபோன பறவை அது. நம் முன்னோரைக் கப்பலேற்றிய அதே தோட்டத் தொழில்தான் காகத்தையும் கப்பலேற்றியிருக்கிறது.

[திரையில்: செம்பு நிறமாகச் சிவந்த ரப்பர் இலைகள், பிறகு வெற்றுக் கிளைகள்.]

பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பால்மரங்களைப் பாருங்கள். இலைகள் சிவந்து உதிர்ந்து, பாலும் குறையும். பாலெடுக்க மரம் வெட்டியவர்களுக்கு வருமானம் சுருங்கிய மாதங்கள் இவை. பாட்டி இன்றும் இந்நாட்களை அப்படித்தான் நினைவுகூர்கிறார். படமெடுப்பவருக்கோ இலை மறைக்காத கிளைகள் கிடைக்கின்றன. மஞ்சள் உடலும் கண் வழியே கறுப்புப் பட்டையும் கொண்ட மாங்குயில் அப்போது முழுமையாகத் தெரியும்.

அதே வாரங்களில், முற்பகல் பத்து மணிக்குமேல் வானத்தையும் பாருங்கள். நிலம் சூடேறி வெப்பக்காற்று எழும்போது தேன்பருந்துகள் சிறகசைக்காமல் அதில் சுழன்று ஏறி, வடக்கு நோக்கிச் சரிந்து செல்லும். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் கரையேறும் கூட்டங்களைக் காண மலேசிய இயற்கைச் சங்கம் ஆண்டுதோறும் மக்களை அழைக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு வீட்டுக் கூரைக்கு மேலேயே சில கடந்துபோகும். படத்தில் ஒரு புள்ளியாகத்தான் விழும். சிறகின் வடிவம் தெரிந்தால் அதுவே போதும்.

ஆண்டின் முற்பகுதி கூடுகட்டும் காலமும்கூட. இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசற்புறக் குரோட்டன் செடியில் தேன்சிட்டு ஒன்று பஞ்சும் நாரும் சிலந்தி நூலும் கோத்துச் சுருக்குப்பை போல ஒரு கூட்டைத் தொங்கவிட்டிருந்தது. உள்ளே இரண்டு முட்டைகள். படம் தெளிவாக விழ வேண்டும் என்று இரண்டு இலைகளை வளைத்துத் துணி கிளிப்பால் பிடித்து வைத்தேன். நல்ல படம் கிடைத்தது. மாலையில் கிளிப்பை எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. அருகில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்பறவை ஒரு நூலைக் கவ்வியபடி வெறுங்கூட்டருகே பலமுறை வந்து போனதை நான் நின்று பார்த்தேன். அந்தப் படத்தை இந்த வீடியோவில் காட்டவில்லை. கூட்டை மறைக்கும் இலை அதன் கதவு; அதைத் தொடாதீர்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைத் தொலைவிலிருந்து, சில நிமிடங்கள் மட்டும் எடுங்கள்; ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

[திரையில்: கறிவேப்பிலைத் தளிர், மிக அருகில்.]

பருவத்துக்கு அதிகம் கட்டுப்படாத விருந்தினரும் உண்டு. மழைக்குப்பின் கறிவேப்பிலை எப்போது துளிர்த்தாலும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, தளிருக்கு ஒன்றாக, கடுகளவில் வெளிர்மஞ்சள் முட்டைகளை இடும். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம்போல் இருக்கும். தின்ன வரும் பறவையை ஏமாற்றும் வேடம் அது. கடைசித் தோலுரிப்புக்குப்பின் பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோல் பிளவுண்ட ஓர் உறுப்பு வெளிவந்து நாறும். பிறகு இடுப்பில் ஒரு பட்டுநூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகக் காத்திருக்கும். அம்மா தாளிக்கக் கிள்ளும்போது ஒரு கிளையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்தால், சில வாரங்களில் முழு வாழ்க்கையும் வரிசையாகிவிடும்.

ஏப்ரலில் கீச்சான் போய்விடும். சொல்லிக்கொள்ளாமல்தான் போகும், ஒரு காலையில் கம்பி வெறுமையாக இருக்கும். அந்த வெறுங்கம்பியையும் படமெடுத்துத் தேதியிட வேண்டும், ஏனெனில் வந்த நாள் தெரிந்து போன நாள் தெரியாவிட்டால் கணக்கு பாதிதான்.

ஆண்டு நடுவில் ரம்புத்தான் பழுக்கும்போது அணில்களின் ஆட்சி. இராமர் தடவிய மூன்று கோடு எங்கே என்று சிறுவயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கோட்டணில் இந்தியாவுக்குரியது. நம் கொல்லைக்கு வருவது செங்கல் நிற வயிறும், விலாவில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைக் கோடும் கொண்ட வேறோர் இனம். இரவில் வாழைப்பூவின் மடல் விரிந்ததும் தேனுண்ணும் வௌவால்கள் வரும். அவற்றுள் சுண்ணாம்புக்கல் குகைகளில் வாழும் ஓர் இனம்தான் டுரியான் பூக்களுக்கும் மகரந்தம் சேர்க்கிறது. செம்பனை ஓரத்தில் கம்பத்தில் நிற்கும் மரப்பெட்டியிலிருந்து கூகை கிளம்புவதையும் அந்தியில் காணலாம். அதன் அலறல் சாவுக்கு அறிகுறி என்று அஞ்சியவர்கள் எங்கள் தோட்டத்திலும் இருந்தார்கள். ஆனால் செம்பனைக் குலைகளைக் கடிக்கும் எலிகளைப் பிடிப்பதற்காகத் தோட்ட நிர்வாகமே அதற்குப் பெட்டி வைத்து அழைத்தது. கூகையின் கண்ணில் ஒளி பாய்ச்சாதீர்கள். அந்தி வானத்தை எதிர்த்து அதன் நிழலுருவை எடுத்தாலே அழகாக இருக்கும்.

படத்தைப் பகிரும்போது இடத்தை மறைத்துவிடுங்கள். குரலுக்காகப் பிடித்துப் பிடித்தே பாராவ்-பாராவ் என்னும் பறவை 2018இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்படும் நிலைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் பொறி வைப்பவருக்கு நம் படமே வழிகாட்டிவிடக் கூடாது. மாநிலத்தின் பெயர் போதும், தெருவின் பெயர் வேண்டாம்.

[திரையில்: கால்வாயின் ஈரத் திட்டில் வால் ஆட்டும் மஞ்சள் வயிற்றுப் பறவை.]

ஆகஸ்டில், ரப்பர்க் கொட்டைகள் வெடித்துத் தகரக் கூரையில் விழத் தொடங்கும் நாட்களில், கால்வாயை ஒரு முறை எட்டிப் பாருங்கள். கீச்சானுக்கு முன்பாகவே சாம்பல் வாலாட்டி வந்துவிடும். அது தரையோடு நடக்கும் பறவை என்பதால் நின்றுகொண்டு எடுத்தால் முதுகு மட்டுமே விழும்; நாற்காலியை விட்டிறங்கி, கால்வாய் மேட்டில் ஒரு பழைய சாக்கை விரித்துப் படுத்து, கேமராவை அதன் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தேதியை எழுத மறக்காதீர்கள்.