ஐட்லிங்கில் பூனை, மலையேறினால் மூச்சிரைப்பு: பெட்ரோல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாம் வாங்க

வணக்கம் மக்களே! கொல்லிமலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. என் வண்டி பன்னிரண்டாவதிலேயே இரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலரேட்டரை அமுக்க அமுக்க வேகம் குறைகிறது, பின்னால் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சரக்கு ஆட்டோ என்னைத் தாண்டிப் போனது, போகும்போது அந்த டிரைவர் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதற்கு அவர் திட்டியே இருக்கலாம். ஓரம் கட்டி நிறுத்தினால் வண்டி ஒன்றுமே தெரியாத பூனை மாதிரி ஐட்லிங்கில் நிற்கிறது. ஊருக்குத் திரும்பி ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, "பெட்ரோல் பம்ப் போச்சு சார்" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். கடைசியில் மாற்றியது என்ன தெரியுமா? சில நூறு ரூபாய் ஃபில்டர்!

ஃபில்டர் எதற்கு என்று பாடம் நடத்தப் போவதில்லை. டேங்க்கில் இருக்கும் துரு, தூசி, கசடு, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நிற்கும்போது நன்றாக இருக்கிற வண்டி ஏற்றத்தில் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது? இது எனக்குப் புரிந்தது மலையடிவாரத்தில், காரவள்ளியில் இளநீர் குடிக்கும்போது. ஸ்ட்ராவில் ஒரு துண்டு வழுக்கை மாட்டிக்கொண்டது. மெதுவாக உறிஞ்சினால் தண்ணீர் வருகிறது, பிரச்சினையே இல்லை. தாகத்தில் ஓங்கி இழுத்தால் கன்னம்தான் குழி விழுகிறது, தண்ணீர் வரவில்லை. அடைத்த ஃபில்டரும் அப்படியேதான். ஐட்லிங்கில் இன்ஜின் கேட்பது துளித் துளி பெட்ரோல், அது எப்படியோ கசிந்து வந்துவிடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு செகண்ட் கியரில் மேடு ஏறும்போது கேட்பது பல மடங்கு. அப்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. (கொஞ்சம் நில்லுங்கள், "பம்ப் உறிஞ்சாது, டேங்க்குக்குள் உட்கார்ந்துகொண்டு தள்ளும்" என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: சரிதான் சார், எனக்கும் தெரியும், இளநீரை நான் விடுவதாக இல்லை.) சும்மாவும் தள்ளுவதில்லை, சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டியில் சுமார் 3 பார் அழுத்தம். கார் டயரில் இருக்கும் காற்றைவிட அதிகம். அடைப்பை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தால் நல்ல பம்ப்பும் ஒருநாள் போய்விடும், ஆகவே ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது கொஞ்ச நாள் கழித்து உண்மையாகவே ஆகியிருக்கும்.

சரி, ஃபில்டர் எங்கே? நம்பினால் நம்புங்கள், மாற்றியது முக்கால் மணி நேரம், தேடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. பழைய கார்புரேட்டர் மாருதி 800 என்றால் பானெட்டைத் திறந்ததும் ஹோஸுக்கு நடுவே சின்ன பிளாஸ்டிக் டப்பா தெரியும். அந்த நினைப்பில் நானும் பானெட்டுக்குள் தலையை விட்டுத் துழாவினேன். இல்லை. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு பல வண்டிகளில் அதை அடியில், டேங்க் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். என் வண்டியில் பின் சக்கரத்துக்கு முன்னால், சேறு அப்பிய ஒரு இரும்புக் குடுவை. சின்ன டம்ளர் அளவுதான். அதை நான் ஏதோ சைலன்சர் சமாச்சாரம் என்று இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்! கண்டுபிடிக்க ஒரே வழி, டேங்க்கிலிருந்து கிளம்பும் பைப்பை விரலால் தடவிக்கொண்டே போவது. வழியில் எங்கேயும் அகப்படவில்லை என்றால் அது டேங்க்குக்குள்ளேயே பம்ப்போடு சேர்ந்து இருக்கிறது. இப்போது வரும் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதைப் பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி எடுக்க வேண்டும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், நானும் தொடுவதில்லை.

இனி வேலை. அதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் சீரியஸாகப் பேசுகிறேன், ஸ்கிப் பண்ணாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தவழும். மூடிய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது. திறந்த வாசலில் செய்தாலும் அம்மா வாசல் மாடத்தில் விளக்கேற்றும் நேரமா, பக்கத்தில் யாராவது பீடி பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்க்கில் பெட்ரோல் கம்மியாக இருக்கும் நாளாகப் பார்த்து, இன்ஜின் ஆறிய பிறகுதான் அடியில் போக வேண்டும்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள், உள்ளே இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். அப்புறம் ஃப்யூஸ் பாக்ஸில் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கள். லைனில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். இன்னும் ஒரு தடவை செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் பைப்பைக் கழற்றினால் அந்த 3 பார் பெட்ரோல் நேராகக் கண்ணில்தான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இது செய்த பிறகும் கொஞ்சம் வழியும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு கொடுக்க வேண்டும், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் படுக்கட்டும்.

கழற்றும்போது இரண்டு ஸ்பேனர். ஒன்று ஃபில்டரைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒரே ஸ்பேனரை வைத்து முறுக்கினால் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அப்புறம் செலவு வேறு. செப்பு வாஷர் இருந்தால் புதிது போடுங்கள். கிளிப் வகை என்றால் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் துணியால் துடைத்துவிட்டு அமுக்குங்கள், மண் ஏறிய கிளிப் அசையாது. புது ஃபில்டரில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான் முதல் தடவை திருப்பி மாட்டினேன், காரணம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாது. போகும் முன் வண்டி அடியில் சாக்பீஸால் "இன்ஜின் இந்தப் பக்கம்" என்று எழுதிவிடுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

ஃப்யூஸ், பேட்டரி எல்லாம் மாட்டிய பிறகு உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை ஆன் பண்ணுங்கள், பம்ப் இரண்டு விநாடி "ங்ங்" என்று முனகும், ஆஃப், மறுபடி ஆன், நாலைந்து தடவை. இப்போது டார்ச் அடித்து ஜாயின்ட்டைப் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வண்டி கிளம்பக்கூடாது.

டீசல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஃபில்டர் பெரும்பாலும் பானெட்டுக்குள்ளேயே இருக்கும், அடியில் தண்ணீர் வடிக்கத் திருகும் இருக்கும், மாற்றிய பிறகு மேலே உள்ள கைப்பம்பை அமுக்கி ஏர் எடுக்க வேண்டும். அது தனி வீடியோ.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கழற்றிய பழைய ஃபில்டரை, பெட்ரோல் உள்ளே வந்த வாய் வழியாக ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்தேன். முதலில் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது, அப்புறம் காப்பித்தூள் மாதிரி ஒரு கறுப்புப் படிவு கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்தது. ஒரு வாரம் வெயிலில் காயவைத்து இரும்பு அரத்தால் ராவிப் பிரித்தேன் (நீங்கள் செய்யாதீர்கள், தீப்பொறி வந்தால் கதை முடிந்தது). உள்ளே புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்து வைத்த காகிதம்! கொசுவம் பிரித்தால் எவ்வளவு துணி வருமோ அப்படி நீண்டுகொண்டே வருகிறது. அந்தச் சின்னக் குடுவைக்குள் இவ்வளவு பரப்பு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், இந்தக் காகிதம் 10 மைக்ரான் தூசியைப் பிடிக்கிற ஜாதி. ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் அந்தக் கறுப்பு அப்பியிருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள், இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் டேங்க்கில் வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த கசடையும் கரைத்துக் கிளப்பிவிடும். அதெல்லாம் வந்து சேருமிடம் இந்தக் காகிதம்தான். மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே ஒருமுறை மாற்றிவிடுவேன், இது என் சொந்தக் கருத்து.

அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் அதே வண்டியில் மறுபடி கொல்லிமலை. பன்னிரண்டாவது வளைவு வந்தபோது மனைவி ஏசியை அணைக்கக் கை நீட்டினாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது, அவரேதானா என்று தெரியவில்லை. ஹாரன் அடித்து, வழி கேட்டு, தாண்டிப் போனேன். திரும்பிப் பார்க்கத்தான் ஆசை, வளைவு வந்துவிட்டது. உங்கள் வண்டியில் ஃபில்டர் எங்கே ஒளிந்திருந்தது என்று மாடலோடு கமெண்டில் போடுங்கள், அடியில் மல்லாந்து கிடக்கும் யாருக்காவது உதவும்.