கடுகும் பூசணிக்காயும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் வில்லியனூரிலிருந்து வந்து இந்த அவைக்குப் பெருமை சேர்த்திருக்கும் மேனாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவையைக் கண்ணால் கண்ட மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய தலைவருக்குத் தனியே நன்றி. அவர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி நட்பின் மிகுதி.

வேற்றுச் சமயத்திலிருந்து வந்த வழக்கங்களைப் பண்டிகையில் கடைப்பிடிப்பது பாவமா என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். ஐரோப்பாவில் நடந்தது, நம் புதுவையில் நடந்தது, மாற்றுச் சமயத்தார் பொங்கல் வைக்கலாமா என்னும் இன்றைய விவாதம் என மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியுள்ளேன். ‘கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார்’ என்னும் நம் பழமொழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

601ஆம் ஆண்டில் போப் முதலாம் கிரகோரியார் இங்கிலாந்துக்குச் சென்ற தம் குருக்களுக்கு எழுதிய கடிதத்தில், பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துத் திருக்கோயிலாக்குங்கள், மாடறுத்து விருந்துண்ட மக்கள் இனியும் உண்ணட்டும், ஆனால் இறைவனுக்கு நன்றி சொல்லி உண்ணட்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த, வேதத்தில் இல்லாத சடங்குகளை ஒழிக்க முனைந்த ‘பியூரிட்டன்’ என்னும் தூய்மைவாதக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லாத திருநாள் என்று 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அதை ஒழித்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, அன்று வேலைக்குப் போகாமல் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்.

பிரெஞ்சு மண்ணில் நடந்த ஒரு கதையைப் புதுவையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 1951 டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. திஜோன் நகரத்துப் பேராலயத்தின் வாசலில், கம்பி வேலியில், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். பதற வேண்டாம், பொம்மைதான். மறைக்கல்வி படிக்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே வெள்ளைத் தாடிக்குத் தீ வைத்தார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவை அஞ்ஞான விழாவாக்கிய குற்றத்திற்கு அந்தத் தண்டனை! பரிசு கொண்டுவருவார் என்று காத்திருந்த பிள்ளைகள் அவர் எரிவதைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்? ஊர் இரண்டுபட்டது, நாளேடுகள் அலறின. மறுநாள் மாலையில் நகர்மன்றக் கட்டடத்தின் கூரைமீது, விளக்கு வெளிச்சத்தில், அதே தாத்தா உயிர்த்தெழுந்து வந்து கையசைத்தார். அந்த நகரத்தின் மேயர் யார் தெரியுமா? ஃபெலிக்ஸ் கீர் என்னும் குருவானவர். எரித்தவரும் குருமார், கூரை ஏற்றிய நகர்மன்றத்தின் தலைவரும் குருவானவர்! பின்னாளில் அந்தக் கீர் அவர்களின் பெயர் எதற்கு நிலைத்தது என்று கேளுங்கள். வெள்ளை ஒயினில் ‘பிளாக்கரன்ட்’ என்னும் சிறு கரும்பழத்தின் இனிப்பு மதுவைக் கலந்து குடிக்கும் ஒரு பானத்துக்கு! தாத்தாவை எரிக்கத் தீப்பெட்டி எடுத்த ஊரில் கோப்பையைத் தடுக்க ஒரு கை நீளவில்லை. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார்.

நம் ஊருக்கு வருவோம். சீனாவுக்குச் செல்லும் வழியில் 1703இல் இங்கு இறங்கிய போப்பின் தூதர் தூர்னோன், 1704 ஜூன் 23 அன்று இதே புதுவையிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் பூப்பெய்தியதை விழாவாகக் கொண்டாடக் கூடாது என்றெல்லாம் அதில் தடைகள் இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் நோயுற்றால் குருக்கள் அவர்களின் வீட்டுக்கே சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்னும் கட்டளையும் அதே ஆணையில் இருந்தது. தேங்காய்க்காக ரோமாபுரி வரை வழக்குப் போயிற்று. 1744இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பளித்த போதோ, அந்த மக்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். தேங்காய் பாவம், தீட்டு பாவமில்லை! இதைப் பங்குத்தந்தை அவர்கள் முன்னிலையில் சொல்ல எனக்குத் துணிவு தந்தது அவருடைய பெருந்தன்மையே.

இன்றைய பூசணிக்காய் எது? வாசலில் நட்சத்திரம் கட்டலாமா என்று கேட்கும் போதகரும், மாற்றுச் சமயத்தார் வீட்டுப் பலகாரத்தைத் தொடாதே என்னும் பெரியவரும், பண்டிகை இரவில் நம் தெருக்களில் ஓடும் மதுவைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிள்ளைகளைக் கையில் பிடித்து வரும் தாய்மார், கடை வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை விலக்க முடியாமல் சாக்கடை ஓரமாக நடக்கிறார்கள். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வெறுங்காலோடு இறங்குபவரின் பாதத்தை, மணலில் புதைந்த பாட்டில் சில்லு கிழிக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டு இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த மாநிலத்தார் வண்டி கட்டிக்கொண்டு வருவது நம் கடலைப் பார்க்க மட்டுமா?

மூன்றாவது பகுதியான பொங்கலைத் தொடவே இல்லை என்று மேனாள் தலைமையாசிரியர் ஐயா புன்னகைக்கிறார். நேரம் முடிந்தது என்று சீட்டும் வந்துவிட்டது. இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன்.

கிறிஸ்துமஸ் முன்னிரவு, டிசம்பர் 31, மாசிமகம் ஆகிய நாள்களிலாவது வழிபாட்டிடங்களையும் கடற்கரையையும் ஒட்டிய சாராயக்கடை, கள்ளுக்கடை, மதுக்கூடம் அனைத்தையும் மாலை ஆறு மணிக்கே மூட வேண்டும் என்று அரசைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பங்குத்தந்தை அவர்கள் முதல் கையெழுத்தையும், வழக்கறிஞர் ஐயா இரண்டாவதையும் இட இசைந்துள்ளார்கள். அவர்களுக்குப் பின் வரிசையில் நில்லுங்கள். முகவரியைத் தெளிவாக எழுதுங்கள், சென்ற முறை அதைக் காரணம் காட்டித்தான் மனுவைத் திருப்பினார்கள். நன்றி, வணக்கம்.