காலஞ்சென்ற என்று போடவா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை காலை, இடைநிலைப் பள்ளி மாணவர்களும், ஜப்பானியர் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போனவர்களின் குடும்பத்தாரும் கூடியிருந்த மண்டபத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் இருபதில் முடித்துக்கொள்கிறேன். மீதி இருபது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் கொட்டாவி விட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் பார்த்ததுதான்.

1955-ஆம் ஆண்டு என் அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழ் அச்சடிக்க என் பாட்டியும் அவருடைய தம்பியும் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போனார்கள். அச்சுக்கூடக்காரர் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். மணமகளின் தகப்பனார் பெயர் வந்தவுடன் பென்சிலை நிறுத்திவிட்டு, "முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவா, வேண்டாமா?" என்று கேட்டாராம். அவர் தொழில் அது, கேட்கத்தான் வேண்டும். பாட்டியின் தம்பி தரையைப் பார்த்தார். பாட்டி நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் தாலியோடும் நின்றுகொண்டிருந்தார். அவர் கணவர் சயாமுக்கு லாரி ஏறிப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு கடிதம் இல்லை. செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆள் வரவில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் வரவில்லை. "பெயரை மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி வெளியே போய்க் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்றுகொண்டாராம்.

கல்யாணத்தன்று சுமங்கலிகள் வரிசையில் அவர் நிற்பதற்குச் சிலர் சம்மதிக்கவில்லை. விதவைகளோடு நிற்க அவர் சம்மதிக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அழைப்பிதழ் பின்னால் மேசைமேல் இருக்கிறது. பெயரை நான் இங்கே மைக்கில் சொல்லப்போவதில்லை. போய்ப் படித்துக்கொள்ளுங்கள். வடை சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள்.

பாட்டி நின்ற அந்த இடத்தில் உலகத்தின் மறுகோடியிலும் பெண்கள் நின்றிருக்கிறார்கள். அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை அது ஆண்டது. வேண்டாதவர்களை வீடு புகுந்து தூக்கிச் சென்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 1979-இல் செய்தியாளர் ஒருவர் இதைக் கேட்டபோது ஆட்சித் தலைவர் விடேலா என்ன சொன்னார் தெரியுமா? காணாமல் போனவர் உயிரோடும் இல்லை, சாகவும் இல்லை, காணாமல் போனவர், அவ்வளவுதான் என்றார். அச்சுக்கூடக்காரர் கேட்ட கேள்விக்கு ஒரு ராணுவ அதிகாரி மேடை போட்டுச் சொன்ன பதில் அது.

அதற்கு முன்பே, 1977 ஏப்ரல் 30 அன்று, பதினான்கு தாய்மார்கள் புவனோஸ் அயர்ஸ் நகரில் ஆட்சி மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியது. நிற்கத்தானே கூடாது என்று நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். முதலில் அது பிள்ளைக்குக் கட்டிய பழைய அணைத்துணி. அந்தத் தாய்மாரில் சிலரையே ராணுவம் தூக்கிச் சென்று கொன்றது. சர்வாதிகாரம் விழுந்த பிறகு அமைத்த விசாரணைக் குழு 1984-இல் 8,961 பேரைப் பெயரோடு பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. இன்று அங்கே மார்ச் 24 பொது விடுமுறை. காணாமல் போனவரின் தங்கையோ மகனோ பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது.

நாம் அதை மிகத் தாமதமாகத்தான் ஆரம்பித்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானிய ராணுவம் 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. பர்மாவில் சண்டையிடும் படைக்குச் சரக்கு அனுப்ப, சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட்டார்கள். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17 அன்று முடிந்தது. அந்த 1943-இல் வேகம், வேகம் என்று அடித்தே வேலை வாங்கினார்கள். மழைக்காலத்தில் காலராவும் வந்து சேர்ந்தது. போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல் அங்கே வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000-க்குக் குறையாது. அவர்களில் 90,000 பேர் வரை இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேல் போனார்கள். பெரும்பாலோர் கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்துத் தமிழர்கள்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று சொல்லித்தான் முதலில் கூப்பிட்டார்கள். பால் வெட்டு நின்றுபோய், மரவள்ளிக் கிழங்கைத் தின்று, சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் அந்த ஒரு வெள்ளி பெரிய சொல். ஆள் போதாதபோது கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு அருகே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேர். புல் மழித்து, பூச்செடி வைத்து, ஒவ்வொரு தலைமாட்டிலும் பெயர்ப் பலகை. அதில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. ஏன்? வெள்ளைக்காரனுக்கு உயிர் உசத்தி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், கைதட்டலும் கிடைக்கும். விஷயம் வேறு. கைதிகளுக்குப் படை எண் இருந்தது. அவர்களோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார் எந்த முகாமில் எந்தத் தேதியில் எதனால் செத்தார் என்று அந்த அதிகாரிகள் எழுதி, ஜப்பானியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த மறு மாதமே ஒரு குழு அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகச் சென்று குழிகளை அடையாளம் கண்டது. நம்மவர்களிடம் எழுத ஆள் இல்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குத்தான் எழுதத் தெரியும், கிராணி தோட்டத்தில் இருந்தார். காலராவில் போனவர்களைக் கூட்டமாகக் குழியில் தள்ளி மூடினார்கள்.

இந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி ரயில் இயந்திரம், சி 5631 என்று எண், தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் கறுப்பு வண்ணம் பூசிப் பளபளவென்று நிற்கிறது. இயந்திரத்துக்குக்கூட எண் தப்பவில்லை.

ஊர்ப் பேச்சும் கொஞ்சம் பேச வேண்டும். சுங்கை சிப்புட் என்றால் சரித்திரக்காரர்கள் 1948 ஜூன் 16 என்பார்கள். அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. மூன்று பெயர்களும் புத்தகங்களில் இருக்கின்றன. பத்து காஜாவில் கல்லறை இருக்கிறது, இன்றும் ஜூன் மாதத்தில் மலர் வைக்கிறார்கள். வைக்கட்டும், அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பு இதே தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் போனவர்களின் பெயர்களை நீங்கள் எந்தப் புத்தகத்தில் தேடுவீர்கள்? 2023-இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் நம்மவர்களுக்காக நடுகல் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் நடுகல்லில் வீழ்ந்தவன் பெயரைச் செதுக்குவதுதான் பழைய முறை. பெயருக்கு எங்கே போவது? உங்கள் வீட்டு அலமாரிக்குத்தான் போக வேண்டும்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது ஒரு மாணவியை 'சயாம் மரண ரயில்' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்தேன். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே தழுதழுக்க வேண்டும் என்று தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். சொன்ன இடத்தில் தழுதழுத்தாள். கோப்பையும் வாங்கினாள். திரும்பி வரும்போது வேனில் கேட்டேன்: "உன் வீட்டில் யாராவது போனார்களா?" "தெரியாது சார், கேட்டதில்லை" என்றாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு பேர் போயிருந்தார்கள் என்பது அவள் பாட்டியின் சாவு வீட்டில்தான் எனக்கே தெரிய வந்தது. கேட்டிருக்க வேண்டியவரைக் கிடத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மேடையை விட்டோம். பத்துப் பிள்ளைகள், ஒரு பாய், போனவரின் பிள்ளையோ பேரனோ ஒருவர். வயதானவர் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் திருத்தக் கூடாது. ஆண்டைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கடினம். பெரியவர்களுக்கு அதைவிடக் கடினம்.

ஒரு முறை கிள்ளானிலிருந்து ஒருவர் தாமாகவே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் அழைக்கவில்லை. உட்கார்ந்தவர், "என் தாத்தா அந்தத் தோட்டத்துக் கிராணி. இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டான், பெயர்களை எழுதிக் கொடுத்தது அவர்தான். தம் தம்பி பெயரை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்றார். ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது படிவம் இரண்டு படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "ஐயா, உங்கள் சின்னத் தாத்தாவுக்குப் பதிலாகப் போனவர் யார்?" அவருக்குத் தெரியவில்லை. அவள் அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி, கீழே இரண்டு வரியை வெறுமையாக விட்டாள். அர்ஜென்டினாவிலும் இது நடந்திருக்கிறது. 2017-இல் அங்கே கொடுமை செய்த அதிகாரிகளின் பிள்ளைகள் சிலரே ஒன்றுகூடி, எங்கள் தகப்பன்மார் செய்தது குற்றம் என்று வெளியே வந்து சொன்னார்கள். கிள்ளானிலிருந்து வந்தவருக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்காது. வீட்டில் கனத்ததை இறக்கி வைக்க வந்தார். எழுந்து போன பெரியவர் அடுத்த மாதம் வந்து கிராணியின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

2016-இல் என் அம்மாவையும் பாயில் உட்கார வைத்தோம். அப்போது அவருக்கு எண்பது. தகப்பனார் லாரி ஏறிய நாளைப் பற்றி நாங்கள் நூறு முறை கேட்ட கதையையே சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் லாரி நின்றது, அப்பா தலையைத் தடவிவிட்டு ஏறினார், மாரியம்மன் கோயில் வளைவில் லாரி திரும்பியது. வரி பிசகாது. எங்களுக்கே மனப்பாடம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன், வகுப்பில் சேட்டைக்காரன், கையைத் தூக்கினான். "பாட்டி, அவர் செருப்புப் போட்டிருந்தாரா?"

அம்மா வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. முந்தானையை விரலில் சுற்றினார், பிரித்தார். நான் பையனை முறைத்தேன், அந்த முறைப்பையும் என் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்லச் சொன்னார்: "இல்லை. வெறுங்கால். டயர் வெட்டித் தைத்த செருப்பு ஒரு ஜோடி இருந்தது. லாரியில் ஏறிய பிறகு அதைக் கழற்றிக் கீழே போட்டார். தம் தம்பியை வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன், அதற்குள் தேய்த்துவிடாதே என்றார்."

எழுபத்து மூன்று ஆண்டு அந்தச் செருப்பு அம்மாவுக்குள் இருந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் பெரிய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரன் கொடுமையானவனா, சாப்பாடு கிடைத்ததா, நாடு எப்படி இருந்தது என்று. அவற்றுக்கு அவரிடம் தேய்ந்த பதில்கள் இருந்தன. அந்தச் செருப்பைத் தம் சித்தப்பா கடைசி வரை காலில் போடவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். அம்மா 2019-இல் காலமானார். கைப்பேசியில் பதிவு செய்த அந்த பதினொரு நிமிடத்தில் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தமும் இருக்கிறது. வெட்டிச் சுத்தம் செய்து தரட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் இருபது நிமிடம் ஆகிவிட்டது. மீதி நேரம் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் இருக்கும் அம்மாளுடையது. அவருக்கு எண்பத்தொன்பது வயது. இந்த ஊரின் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இன்று அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. அவருடைய அப்பாவும் அண்ணனும் ஒரே லாரியில் போனார்கள். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மைக்கில் பேசினால் தம் குரலே தமக்கு வேறு யாரோ பேசுவதுபோல இருக்கிறதாம். அதனால் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கிறோம். அந்த மின்விசிறியை யாராவது நிறுத்துங்கள். பிள்ளைகளே, அவருக்கு வலது காது கேட்காது. இடது பக்கமாக வந்து உட்காருங்கள்.