டார்னாவை ஆங்கிலத்தில் படிக்கப்போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். 1950ஆம் ஆண்டு மே மாதம். பிலிப்பைன்ஸில் வெளியாகிவந்த ‘பிலிப்பினோ காமிக்ஸ்’ இதழில் நார்டா என்ற கிராமத்துச் சிறுமி, வானிலிருந்து விழுந்த வெள்ளைக் கல் ஒன்றை விழுங்கினாள். அதில் பொறித்திருந்த ‘டார்னா’ என்ற பெயரை உரக்கச் சொன்னாள். பறக்கும் வீராங்கனையாக மாறினாள். கதை மார்ஸ் ரவேலோ, ஓவியம் நெஸ்டர் ரெடோண்டோ. இவளுக்கு முன்னோடியான வார்காவை ரவேலோ 1947இலேயே வேறொரு இதழில் படைத்திருந்தார். 1951இல் டார்னா திரைக்கும் வந்துவிட்டாள்.

படம் பார்த்தவர்கள் ஏராளம். மூலக்கதையைப் படித்தவர்கள் இன்று மிகக் குறைவு. மலிவுத் தாளில் அச்சாகி, வாடகைக்குக் கைமாறிக் கிழிந்துபோன இதழ்கள் அவை. எஞ்சியவை சேகரிப்பாளர்களிடம் கிடக்கின்றன. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளரின் முதல் வேலையே பக்கங்களைத் தேடிச் சேர்ப்பதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்து, கதையின் மூலமொழியான தகாலோக் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிலிப்பைன்ஸ் குடும்பத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒன்றே வழி. ஆகவே இந்த வேலை அவசரமானது என்கிறேன்.

ஆனால் ஆங்கிலத்துக்கு வந்ததும் டார்னாவை ‘பிலிப்பைன்ஸின் வொண்டர் வுமன்’ என்று விற்கும் ஆசை எழும். அதை நான் ஏற்கவில்லை. அமெரிக்கக் காமிக்ஸின் சாயல் அவளிடம் உண்டு. ஒரு சொல்லைக் கத்தி உருமாறும் உத்தி அங்கேயும் இருந்ததுதான். ஆனால் அந்த அமெரிக்கக் காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமன் அரச குலத்தவள். நார்டாவோ பாட்டியின் நிழலில், டிங் என்ற தம்பியோடு வளரும் ஏழைப்பெண். எதிரி வாலன்டினாவுக்குத் தலைமுடியே பாம்புகள். அவள் எவ்வளவு பயங்கரமானவளாக இருந்தாலும், சண்டை முடிந்ததும் நார்டா திரும்பவேண்டியது அந்தக் குடிசைக்குத்தான். மொழிபெயர்ப்பில் அந்த வீடு மங்கினால் டார்னா வெறும் சிவப்பு உடையாகிவிடுவாள். ‘லோலா’ என்று பாட்டியை அழைப்பதை அப்படியே விடவேண்டும். பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் வந்து சேரும் ‘போ’ என்னும் மரியாதைச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இடமில்லை; அந்தப் பணிவை நார்டாவின் வாக்கிய அமைப்பில்தான் காட்டவேண்டும்.

இன்னொன்று, தொடர்கதையின் மூச்சு. இதழுக்குச் சில பக்கங்களே வந்த கதை இது. முன்நடந்ததை நினைவூட்டும் வரிகளும், ஆபத்தின் நடுவில் நிறுத்தும் கடைசிக் கட்டமும் அடிக்கடி வரும். ஒரே புத்தகமாகப் படிக்கையில் இவை அலுப்பூட்டும் என்று வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். அடுத்த இதழுக்காக ஏங்கிய வாசகர்களை மனதில் வைத்துக் கட்டிய கதை அது. தகாலோக் வசனம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் சுருங்கும். பேச்சுக்குமிழில் வெற்றிடம் மிஞ்சும். அதை நிரப்ப வசனத்தை ஊதிப் பெருக்குவதைவிட எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம். ஓவியக் கோட்டின் மேல் மட்டும் கைவைக்கக் கூடாது.

அந்தக் கோடுகள் ரெடோண்டோவுடையவை. பின்னாளில் அவர் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்துக்காக ‘ஸ்வாம்ப் திங்’ என்ற தொடரை வரைந்தார். அங்குள்ள பழைய வாசகர்கள் அவர் கையை ஏற்கெனவே அறிவார்கள். அந்தக் கை டார்னாவை வரைந்தது பலருக்குத் தெரியாது. ஆங்கிலப் பதிப்பின் அட்டையில் ரவேலோவின் பெயருக்குச் சமமான அளவில் ரெடோண்டோவின் பெயரும், கீழே மொழிபெயர்ப்பாளரின் பெயரும் இருக்கவேண்டும் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.