நீளத்தைக் குறை சொல்லாதீர்கள், வயதைக் கேளுங்கள்!

நடுவர் ஐயாவுக்கும், எதிரில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், சனிக்கிழமை சாயங்காலம் நம்ம பிலடெல்பியா பேஸ்பால் அணி ஃபில்லீஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு ஃபில்லீஸைப் பற்றிய பேச்சைக் கேட்க வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

"ஒரு பேஸ்பால் அணியை உயர்த்துவது நீண்டகால ஒப்பந்தமா, குறுகியகால ஒப்பந்தமா?" என்பது தலைப்பு. நான் நீண்டகாலத்தின் பக்கம். நடுவர் தலையில் ஃபில்லீஸ் தொப்பி இருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், நீண்ட ஒப்பந்தத்தில் பணம் வீணான வீரர்கள் என்று மூன்று பெயர்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். ஆல்பர்ட் புஹோல்ஸ், கிறிஸ் டேவிஸ், பாபி போனியா. இவர்களுக்குக் கொட்டிய டாலரை அவர் அடுக்கியபோது முன்வரிசையில் ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார். அம்மா, கையை எடுங்கள். நான் கணக்கை வேறு மாதிரி சொல்கிறேன்.

முதலில் போனியா. அண்ணன் அவரை இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிட்டதே தப்பு. 2000ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணி அவரை விடுவித்தபோது தரவேண்டிய பாக்கி 5.9 மில்லியன் டாலர். அதை அப்போதே தராமல், 8 சதவீத வட்டி போட்டு, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் சுமார் 1.19 மில்லியன் தருகிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். இதில் நீண்டகால ஒப்பந்தம் எங்கே இருக்கிறது? வட்டிக்கணக்குதான் இருக்கிறது. அதுவும் அந்தக் குளிர்காலத்தில் மெட்ஸ் சும்மா இருக்கவில்லை. மைக் ஹாம்ப்டன் என்ற பிட்சரை, அதாவது பந்து எறிபவரைக் கொண்டுவந்து, அதே 2000இல் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதிக் கோப்பைத் தொடர் வரைக்கும் போனார்கள். ஹாம்ப்டன் விலகிப் போனபோது ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் தேர்வில், அதாவது புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பில், வந்தவர் பின்னாளில் மெட்ஸின் நட்சத்திரமான டேவிட் ரைட். மெட்ஸ் ரசிகர்கள் யாராவது இருந்தால் அந்தப் பெயருக்கு ஒரு கை தட்டலாம். சரி, இந்த ஊரில் யாரும் தட்ட மாட்டீர்கள்.

புஹோல்ஸுக்கு வருவதற்கு முன்னால், ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்காக இங்கே ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐபிஎல்லில் அணிக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. சில ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் கலைத்துப் போட்டு ஏலம் விடுவார்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு வீரர் மேஜர் லீகுக்கு வந்தால் முதல் ஆறு ஆண்டு அந்த அணியின் பிடியில்தான் இருக்கிறார். அதில் முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம். அடுத்த மூன்றாண்டு ஆர்பிட்ரேஷன் என்று சம்பளப் பஞ்சாயத்து. ஆறு முடிந்த பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வந்தவர் சந்தைக்கு வரும்போது முப்பதை எட்டிப் பிடித்திருப்பார். அடிக்கும் கை உச்சத்தில் இருப்பது இருபதுகளின் பின்பாதியில். அதாவது, உச்சம் முடிகிற வாசலில்தான் சந்தையே தொடங்குகிறது.

இப்போது புஹோல்ஸ். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவருக்குப் பத்தாண்டு, 240 மில்லியன் கொடுத்தது. கையெழுத்துப் போடும்போது வயது 31, அடுத்த மாதமே 32. செயின்ட் லூயிஸில் பதினோரு ஆண்டு ஆடி, மூன்று முறை எம்விபி என்ற மதிப்புமிக்க வீரர் விருது வாங்கி, எல்லா அறுவடையும் முடிந்த பிறகு இவர்கள் போய் வயலை வாங்கினார்கள். அந்தப் பத்தாண்டில் ஏஞ்சல்ஸ் பிளேஆஃபுக்குப் போனது ஒரே ஒருமுறை, 2014இல். அங்கேயும் மூன்று ஆட்டத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். அண்ணன் கேட்கிறார், "பத்தாண்டுக்குப் பதில் ஐந்தாண்டு கொடுத்திருந்தால்?" நஷ்டம் குறைந்திருக்கும், அண்ணே. கோப்பை வந்திருக்காது.

ஐந்தாண்டு பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு நம்ம ஊர்க் கதையே போதும். ரயான் ஹோவர்ட். 2006 எம்விபி, 2008 கோப்பை. 2010 ஏப்ரலில் அவருக்கு ஐந்தாண்டு, 125 மில்லியன் நீட்டிப்பு. எதிரணிக்குப் பிடித்த அளவுதான், ஐந்தே ஆண்டு! ஆனால் அது தொடங்கவேண்டியதே 2012இல். 2011 பிளேஆஃபில் கார்டினல்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், கடைசி அவுட்டாக அவர் முதல் பேஸை நோக்கி ஓடும்போது குதிகால் தசைநாண் அறுந்து தரையில் விழுந்தார். புது ஒப்பந்தத்தின் முதல் டாலர் கைக்கு வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது. அந்த இரவை இந்த அரங்கில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒப்பந்தம் குட்டையாக இருந்ததால் யாருக்கு என்ன லாபம்?

கிறிஸ் டேவிஸ் விஷயம் இன்னும் சுலபம். 2015இல் 47 ஹோம் ரன் அடித்தார், உண்மை. அதே ஆண்டு 208 முறை ஸ்ட்ரைக் அவுட்டும், அதாவது பந்தை அடிக்காமலே அவுட்டும், ஆனார், அந்த ஆண்டு லீகிலேயே அதிகம். பந்தைத் தொடுவதே பெரும்பாடு என்கிற பெரிய உடம்புக்காரருக்கு, முப்பது வயது நெருங்கும்போது, ஓரியோல்ஸ் ஏழாண்டு, 161 மில்லியன் கொடுத்தது. 2018இல் பேட்டிங் சராசரி .168, ஆறு முறைக்கு ஒரு ஹிட்தான். பிறகு 54 முறை தொடர்ந்து ஹிட் இல்லை. தேர்வு தப்பு. அந்தத் தப்பை மூன்றாண்டுக்குச் செய்திருந்தாலும் தப்புதான்.

அப்படியானால் சரியான நேரம் எது? சந்தைக்கு வருவதற்கு முன்னால். இதைக் கண்டுபிடித்தது நேற்றைய கம்ப்யூட்டர் பையன்கள் இல்லை. 1991இல் கிளீவ்லேண்ட் 105 ஆட்டம் தோற்றது. காசு இல்லாத அணி, ஆள் வராத மைதானம். புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர் ஜான் ஹார்ட் ஒரு காரியம் செய்தார். சாண்டி அலோமர், கார்லோஸ் பயெர்கா, சார்ல்ஸ் நாகி என்று இன்னும் விலை ஏறாத இளைஞர்களைக் கூப்பிட்டு, ஆண்டுதோறும் சம்பளத்துக்குச் சண்டை போட வேண்டாம், பல ஆண்டுக்குச் சேர்த்து இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர்களுக்கு நிம்மதி, இவருக்கு நாலு வருஷச் செலவு முன்கூட்டியே கையில். அதை வைத்து மற்ற இடங்களைத் திட்டமிட்டார். 1995இல் அந்த அணி 100 வெற்றி, 44 தோல்வி. 1954க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்டு சீரிஸ். 1995 முதல் 2001 வரை தொடர்ச்சியாக 455 ஆட்டங்களுக்கு டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. புது மைதானம் கட்டியதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். கோப்பை கடைசிவரை வரவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நூற்றைந்து தோற்ற அணிக்கு அது போதாதா?

அதே பாடத்தைத்தான் டாம்பா பே 2008இல் படித்தது. எவன் லாங்கோரியா மேஜர் லீகுக்கு வந்து ஆறே நாள். ஆறாண்டு ஒப்பந்தம், 17.5 மில்லியன், அதற்கு மேலும் அணி விரும்பினால் நீட்டிக்கும் உரிமை. அந்த ஆண்டே அவர் சிறந்த புதுமுகம், அணி வேர்ல்டு சீரிஸில். அட்லாண்டா 2019இல் அக்குன்யாவுக்கு 21 வயதில் எட்டாண்டு, 100 மில்லியன் கொடுத்தது. 2023இல் 41 ஹோம் ரன், 73 திருட்டு பேஸ் (பேட்டர் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), எம்விபி. அதே மாதம் ஆஸி ஆல்பிஸுக்கு ஏழாண்டுக்கு வெறும் 35 மில்லியன். அந்தப் பையனுக்காக எனக்கு வயிறு எரிகிறது, யார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்களோ! ஆனால் இன்றைய தலைப்பு அணிக்கு எது நல்லது என்பதுதான். வீரருக்கு எது நல்லது என்று இன்னொரு பட்டிமன்றம் வையுங்கள், அன்றைக்கு நான் எதிரணியில் உட்காருகிறேன்.

சரி, சந்தைக்கு வந்துவிட்டவரைப் பற்றிப் பேசக்கூடாதா? பேசலாமே. பிரைஸ் ஹார்ப்பர்! (நடுவரே, நீங்கள் கை தட்டக்கூடாது.) 19 வயதிலேயே லீகுக்கு வந்ததால் 26 வயதில் ஃப்ரீ ஏஜென்ட் ஆன அபூர்வம். 2019இல் பதின்மூன்று ஆண்டு, 330 மில்லியன். எதிரணித் தோழி சொன்னார், "38 வயசுக்காரருக்கு 22 மில்லியனா?" தோழி, அது 38 வயதின் கூலி இல்லை. 28 வயதில் அவர் ஆடிய ஆட்டத்துக்கு அப்போது குறைத்துக் கொடுத்ததன் பாக்கி. இங்கே சம்பளத்துக்குக் கடுமையான உச்சவரம்பு கிடையாது, ஆனால் ஒரு எல்லையைத் தாண்டினால் லக்சுரி டாக்ஸ் உண்டு. முதல் முறை தாண்டினால் மிஞ்சும் தொகையில் 20 சதவீதம், அடுத்த ஆண்டும் தாண்டினால் 30, பிறகு 50. அந்தக் கணக்கில் ஏறுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. 330ஐப் பத்தால் வகுத்தால் 33. பதின்மூன்றால் வகுத்தால் 25.4. ஆண்டுக்கு ஏழரை மில்லியன் இடம் மிச்சம். அந்த இடத்தில் ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் இன்னொரு நல்ல ரிலீஃப் பிட்சரை நிறுத்தலாம். நீளம் கூடக்கூட அணியின் தோள் பாரம் குறைகிறது. இதைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் வகுத்துப் பாருங்கள்.

அடுத்து, "நீண்ட ஒப்பந்தம் போட்டுக் கையைக் கட்டிப்போட்டால் அணியை மாற்றியமைக்க முடியாது" என்றார்கள். எனக்கு இதில்தான் நிஜமான சண்டை. ஆடும் பட்டியலில் 26 பேர், பாதுகாத்து வைக்கும் பட்டியலில் 40 பேர். இளைஞரை மூன்று சீசன்களுக்கு மைனர் லீகுக்கு அனுப்பலாம், திரும்பக் கூப்பிடலாம். ஆனால் ஐந்தாண்டு சர்வீஸ் முடித்த மூத்தவரை அவர் சம்மதம் இல்லாமல் கீழே அனுப்ப முடியாது. எதிரணி சொல்கிறபடி ஒவ்வொரு வசந்தத்திலும் நாலு ஓட்டையை ஓராண்டு ஒப்பந்த மூத்தவர்களால் அடைத்தால் என்ன ஆகும்? ஏப்ரலில் ஒருவர் தடுமாறினால் அனுப்பவும் முடியாது, வெளியேற்றினால் சம்பளமும் போச்சு. அதனால் மே வரைக்கும் பொறுப்பார்கள், கீழே ஒரு இருபத்து மூன்று வயதுப் பையன் காத்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. அடுத்த ஆண்டு சந்தைக்குப் போகவேண்டியவர், "நீ இடம் மாறி ஆடு" என்று சொன்னால் கேட்பாரா? தன் விலை விழுமே என்று பயப்படுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஹார்ப்பர் 2022இல் முழங்கைத் தசைநார் கிழிந்தபடியே பந்து எறியாமல் பேட் மட்டும் பிடித்தார். அந்த அக்டோபரில் சான் டியாகோவுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் நம்மை வேர்ல்டு சீரிஸுக்கு அனுப்பியது. அறுவை சிகிச்சை முடிந்து வந்து, அடுத்த ஆண்டே முதல் பேஸுக்கு மாறிவிட்டார். மூக்கி பெட்ஸ் வலது ஃபீல்டில் தங்கக் கையுறை விருது வாங்கியவர். இரண்டாம் பேஸ் போனார், முப்பது வயதுக்கு மேல் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நின்று ஆடக் கற்றுக்கொண்டார். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2004இல் நியூயார்க் யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் ஜீட்டருக்காக மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். மூன்று பேரின் பையிலும் பத்தாண்டோ அதற்கு மேலோ ஒப்பந்தம். நாளைய சோறு உறுதியானவர்தான் இன்றைக்கு இடம் மாறச் சம்மதிப்பார்.

பெட்ஸ் பெயரைச் சொன்னதும் பாஸ்டன்காரர்கள் தலை குனிவார்கள். 2018இல் எம்விபியும் கோப்பையும் தந்தவரை, நீண்ட ஒப்பந்தத்தில் உடன்பாடு எட்டாமல் 2020இல் டாட்ஜர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். டாட்ஜர்ஸுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு, 365 மில்லியன். 2020, 2024, 2025 கோப்பைகள் லாஸ் ஏஞ்சலஸில். பாஸ்டன் 2020, 2022, 2023இல் தங்கள் டிவிஷனில் கடைசி.

எதிரணித் தலைவர் கடைசியாக ஒரு குண்டு போட்டார். "ஹார்ப்பரை அனுப்பிவிட்ட வாஷிங்டன், அதே 2019இல் கோப்பை வாங்கியதே!" அரங்கம் அதிர்ந்தது. நானும் ரசித்தேன். ஆனால் அந்த வேர்ல்டு சீரிஸில் முதல் ஆட்டத்தையும் ஏழாவது ஆட்டத்தையும் தொடங்கிய பிட்சர் யார்? ஷெர்சர். ஏழாண்டு, 210 மில்லியன். தொடரின் எம்விபி யார்? ஸ்ட்ராஸ்பர்க். 2016இல் போட்ட ஏழாண்டு நீட்டிப்பில் இருந்தவர். ஏழாவது ஆட்டத்தின் வெற்றி யார் பெயரில்? கார்பின். ஆறாண்டு, 140 மில்லியன். தலைவரே, நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசியிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு அதே ஸ்ட்ராஸ்பர்குக்கு 245 மில்லியனில் இன்னொரு ஏழாண்டு கொடுத்து, அவர் எட்டே ஆட்டம் தொடங்கினார் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். பிட்சரின் தோளுக்கும் முழங்கைக்கும் யாரும் ஜாமீன் தர முடியாது. முப்பதைத் தாண்டிய பிட்சர் என்றால் எனக்கும் பேனா நடுங்கும். அங்கே எதிரணிக்கு அரை மதிப்பெண் போடுங்கள், நடுவரே. அரைதான்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு அணி, முடித்துவிடுகிறேன். கான்சஸ் சிட்டி. சின்ன ஊர், 2023இல் 106 தோல்வி. 2024 பிப்ரவரியில் 23 வயது ஷார்ட்ஸ்டாப் பாபி விட் ஜூனியருக்குப் பதினோரு ஆண்டு, 288 மில்லியன் டாலருக்கு மேல். அந்த ஆண்டே அவர் .332 அடித்து லீகின் பேட்டிங் பட்டம் வாங்கினார், அணி 86 வெற்றியோடு பிளேஆஃபுக்குப் போனது. 2030க்குப் பிறகு அவர் விலகிக்கொள்ள வழி வைத்திருக்கிறாரே என்று அண்ணன் இப்போது எழுந்து நின்று கேட்கப் போகிறார். போகட்டும் அண்ணே, அப்போது அவருக்கு முப்பது வயது. அவருக்குப் பத்தாண்டு கொடுக்க ஏஞ்சல்ஸ் காத்திருப்பார்கள். நன்றி, வணக்கம்.