ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாமாரே, அக்காமாரே, சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கும் லண்டன் தமிழ் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

‘எப்போதாவது ஓர் இரவுக்கோ வார இறுதிக்கோ பிள்ளையைப் பார்க்க சைல்ட்மைண்டரை, அதாவது காசு வாங்கிப் பிள்ளை பார்ப்பவரை, வீட்டுக்கு அழைப்பது குடும்பத்துக்குத் துணையா, பாசத்துக்குக் கேடா?’ இதுதான் தலைப்பு. துணை என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணா சொன்னார்: “நாங்கள் அம்மம்மா மடியில் வளர்ந்தோம். இங்கே காசு கொடுத்து மடியை வாங்குகிறோம்.” அரங்கமே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நானும் அந்த மடியில் வளர்ந்தவள்தானே. ஆனால் அண்ணா, என் மகளின் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து என்னோடு வைத்திருக்க எனக்கு ஆசை இல்லையா? 2012 ஜூலையில் இந்த நாட்டின் குடிவரவு விதி மாறியது. அன்றாடக் காரியத்தைக்கூடத் தானாகச் செய்ய முடியாத அளவுக்கு முதுமையோ நோயோ இருக்க வேண்டும், அந்தக் கவனிப்பு ஊரில் கிடைக்க வழியே இல்லை என்றும் காட்ட வேண்டும். அப்போதுதான் பெற்றோரை இங்கேயே தங்கும்படி அழைக்கலாம். பேரப்பிள்ளையைத் தூக்கித் தோளில் போடும் தெம்புள்ள அம்மம்மாவுக்கு அந்த விசா கிடையாது. சும்மா பார்க்க வந்தால் வழக்கமாக ஆறு மாதம், அப்புறம் திரும்பிப் போக வேண்டும். மடியை நாங்கள் ஒதுக்கவில்லை அண்ணா.

நான் தாதி. இரவு வேலை ஏழரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கு முடியும். கணவர் பேருந்து ஓட்டுகிறார், அவருக்கும் நேரம் மாறி மாறி வரும். மாதத்தில் இரண்டு மூன்று இரவு எங்கள் இருவரின் வேலையும் மோதிக்கொள்ளும். மகள் போகும் நர்சரியோ மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடும். சனி, ஞாயிறு திறப்பதே இல்லை.

“உறவுகள் இல்லையா?” என்று கேட்டார் அக்கா. இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். நாங்கள் ஹாரோவில், அவர்கள் இல்ஃபர்டில். லண்டனின் இந்த மூலையும் அந்த மூலையும். ஒரு மார்கழி மாதம், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் போர்வையோடு அள்ளி காரில் போட்டுக்கொண்டு போனோம். பாதி வழியில் விழித்துவிட்டாள். ஒரு காலில் சப்பாத்து இல்லை, கையில் பொம்மை. “நாங்கள் எங்கே போகிறோம்?” என்றாள். அழவில்லை, கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். மூன்று வயதுப் பிள்ளை அப்படி மெதுவாகக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கே போனால் அவர்களுடைய பிள்ளைகளும் எழும்பிவிட்டார்கள். அடுத்த முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முன்பு பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட சைல்ட்மைண்டர் அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். “நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேனே” என்றார். அவர் இரவு தங்கிய முதல் நாள், காலையில் வந்து பார்த்தால் சமையலறை மேசையில் ஒரு சிறிய கொப்பி. ‘1:40க்கு எழுந்தாள். அம்மா எங்கே என்றாள். பெரிய விளக்குப் போடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். 1:55க்குத் தூங்கினாள்.’ அவ்வளவுதான். பிள்ளை தன் கட்டிலில், தன் தலையணையில், தனக்குத் தெரிந்த ஒருவரின் குரலைக் கேட்டு மறுபடி தூங்கியிருக்கிறாள். நடுவர் அவர்களே, இதில் எந்தப் பாசம் கெட்டது?

அந்நியரை இரவில் வீட்டுக்குள் விடலாமா என்று கேட்டார்கள். நியாயமான பயம். அதனால்தான் யார் என்று பார்த்து விடச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் என்றால் பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ சைல்ட்மைண்டர் ஏஜென்சியிலோ பதிவு வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும், 12 மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சியை 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பதிவு பொதுவாக அவர் தன் வீட்டில் பார்ப்பதற்கு. நம் வீட்டுக்கு வந்தால் சட்டத்தின் கண்ணில் அது நானி வேலை, அதாவது பிள்ளையின் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குப் பதிவு கட்டாயமில்லை, விரும்பினால் பதியலாம். பதிந்தவரையே கேளுங்கள். அவருடைய காப்புறுதி நம் வீட்டு இரவையும் சேர்க்கிறதா என்றும் கேளுங்கள். பதிந்தவர் என்றால், நீங்கள் தகுதி உள்ளவராக இருக்கும்போது, அரசின் ‘டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர்’ என்ற பிள்ளைப் பராமரிப்புக் கணக்கில் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும்.

தெரிந்தவர் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. எங்கள் அம்மாமார் கைக்குழந்தையைக் குப்புறப் போட்டுத் தட்டித் தூங்க வைத்தது அன்பினால்தான். ஆனால் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991இல் இந்த நாட்டில் பிரசாரம் தொடங்கிய பிறகு, தொட்டிலில் நேரும் திடீர் மரணங்கள் பெருமளவு குறைந்தன. அன்போடு இந்த அறிவும் உள்ள ஆளை நான் தேடுகிறேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆம், காசு கொடுக்கிறேன். கொடுப்பதால்தான் “இரவில் இனிப்பு வேண்டாம், ஃபோன் காட்ட வேண்டாம்” என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. மாமியிடம் சொல்லிப் பாருங்கள், மனக்கசப்புத்தான் மிஞ்சும். அப்புறம், வளர்ப்பவள் வேறு, பெற்றவள் வேறு என்பது லண்டனில் வந்த புதுமையா? எங்கள் சங்க அகப்பாடல்களில் நற்றாய் ஒருத்தி, செவிலி ஒருத்தி. தலைவி காதலனோடு ஊரைவிட்டு உடன்போக்குப் போனால் பாலை வழியில் கால் நோகத் தேடிப் போகிறவள் செவிலி. அவளால் நற்றாயின் அன்பு குறைந்தது என்று எந்தப் புலவர் பாடினார்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வாரா வாரம், களியாட்டத்துக்கும் விருந்துக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர் இருந்தால், அவருக்கு எதிராக நான் எதிரணியோடு நிற்பேன். நான் பேசுவது மாதத்தில் இரண்டு மூன்று இரவைப் பற்றி.

இன்று அப்படி ஓர் இரவு. இப்போது மணி ஆறு. ஏழரைக்கு நான் வார்டில் நிற்க வேண்டும், கணவர் பேருந்தில் இருப்பார். ஏழு மணிக்கு அந்த அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். மகள் நீலக் கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறாள். தீர்ப்பைக் கேட்க நிற்க முடியாது நடுவர் அவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.