அக்கினி மூலையில் அரை மில்லிமீட்டர்: மாடி டிஷ்ஷில் சிக்னல் கூட்டுவது எப்படி?

[காட்சி: மொட்டை மாடி. குழாயில் பொருத்திய சிறிய டிஷ். பக்கத்தில் மாமரம்.]

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடியில் நிற்கிறேன். இது 60 சென்டிமீட்டர் டிஷ். தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பார்க்க வைத்தது, மாதக் கட்டணம் கிடையாது. வெயில் நாளில் படம் பளிச்சென்று வரும். போன கோடையிலோ, வானம் இருட்டினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் “பெரிய டிஷ் மாத்திடுங்க” என்றார்கள். அதற்கு முன் இருப்பதை வைத்தே எவ்வளவு கூட்டலாம் என்று பார்க்க, மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு மாடி ஏறினேன்.

முதலில் டிஷ் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும். இந்தச் சேனல்களை அனுப்புவது ஜிசாட்-15 செயற்கைக்கோள். 2015 நவம்பரில் ஏரியன் 5 ராக்கெட்டில் போனது. நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து கணக்குப் போட்டால் வடக்கிலிருந்து வலமாக 128 டிகிரி, அண்ணாந்து பார்க்க 67 டிகிரி. அதாவது அக்கினி மூலையிலிருந்து கிழக்கே 7 டிகிரி தள்ளி. தருமபுரிக்கும் ஏறக்குறைய இதேதான், ஒரு டிகிரி அளவுக்குக்கூட மாறாது.

[காட்சி: பக்கவாட்டில் டிஷ். வானத்திலிருந்து தட்டுக்கு ஒரு கோடு.]

67 டிகிரி என்றால் கிட்டத்தட்ட உச்சி. ஆனால் டிஷ்ஷைப் பாருங்கள், எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பது போலத் தெரிகிறது. இது ஆஃப்செட் டிஷ். தட்டு பார்க்கும் திசைக்கும் சிக்னல் வரும் திசைக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு. சிக்னல் அவ்வளவு உயரத்திலிருந்து வருவதால் நம்மைச் சுற்றியிருக்கும் மலைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். மறைப்பது பக்கத்தில் இருப்பதுதான்: தென்னை, தண்ணீர்த் தொட்டி, மாமரம். டிஷ்ஷிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பொருள் டிஷ்ஷை விட 2.3 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் குறுக்கே வரும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மார்ச் 15 வாக்கில் காலை 11:15 மணிக்கும், செப்டம்பர் 28 வாக்கில் 10:57 மணிக்கும் நம் ஊரிலிருந்து பார்த்தால் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அப்போது தட்டின் மேல் எதன் நிழல் விழுகிறதோ, அதுதான் சிக்னலை மறைக்கிறது. கருவியே தேவையில்லை! எங்கள் தட்டின் மேல் ஓரத்தில் மாங்கிளையின் நிழல் கிடந்தது. பிஞ்சு பிடித்திருந்த கிளை, வெட்ட மனசு வரவில்லை. டிஷ்ஷை இரண்டடி நகர்த்தினேன். இன்னொன்று: அந்த நாட்களில் சூரியனின் இரைச்சலால் சில நிமிடம் படம் போகலாம். அதற்காக டிஷ்ஷை அசைத்துவிடாதீர்கள்.

சரி, திருப்புவோம். கொத்தனாரின் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துக் குழாய் நேராக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 60 சென்டிமீட்டர் தட்டு தெளிவாகப் பார்க்கும் அகலம் சுமார் 3 டிகிரிதான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னலில் பாதி போய்விடும். ஒன்றரை அங்குலக் குழாயின் மேல் ஒரு டிகிரி என்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் போல்ட்டை முழுக்கத் தளர்த்தாமல், விரலால் தள்ளினால் மட்டும் நகரும் அளவுக்கு வையுங்கள்.

[காட்சி: டிவி திரையில் செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கம், இரண்டு பட்டைகள்.]

கீழே டிவி முன்னால் அக்கா பையன். பார்க்க வேண்டியது ஸ்ட்ரெங்த் பட்டையை அல்ல, குவாலிட்டி பட்டையை. ஸ்ட்ரெங்த் இரைச்சலையும் சேர்த்தே காட்டும், தப்பான செயற்கைக்கோளைப் பார்த்தாலும் ஏறும். “மாமா, 52! 55! ஐயோ, போயிடுச்சு!” என்று கத்தினான். பாக்ஸ் எண்ணை மாற்ற ஓரிரு நொடி எடுக்கும், நான் அவசரப்பட்டுத் தள்ளியிருந்தேன். கொஞ்சம் நகர்த்தி ஐந்து வரை எண்ணிக் காத்திருந்த பிறகுதான் பிடிபட்டது.

அடுத்தது எல்என்பி, தட்டின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சின்னக் கருவி. இது நேராக நிற்கக் கூடாது. நம் ஊருக்குச் சுமார் 50 டிகிரி சாய வேண்டும், இல்லையென்றால் செங்குத்தாக அதிரும் அலையும் கிடையாக அதிரும் அலையும் கலந்துவிடும். எங்களுடையது பத்து டிகிரிக்கு மேல் பிசகியிருந்தது. திருப்பியதும் குவாலிட்டி 60-ஐத் தாண்டியது. எல்என்பி முனையில் கேபிளின் செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. வெட்டிப் புதிய கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் உள்ளே இறங்காமல் சொட்டிவிட கேபிளைக் கீழே ஒரு வளைவாக விட்டேன். குவாலிட்டி 67.

[காட்சி: எல்என்பியின் முகத்தில் ஈரத்துணி.]

மழை என்ன செய்யும்? எல்என்பியின் முகத்தை ஈரத்துணியால் மூடினேன், படம் உடனே போனது. இந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான், தண்ணீர் அதை விழுங்கிவிடும். சிக்னல் தென்கிழக்கிலிருந்து சாய்வாக இறங்குவதால், அந்தப் பக்கம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் பெய்யும் மழையே போதும். நம் மாடியில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே படம் உடைவது இதனால்தான்.

90 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பரப்பு இதைப்போல இரண்டேகால் மடங்கு, நிச்சயம் உதவும். ஆனால் அது பார்க்கும் அகலம் 2 டிகிரிதான். அதைத் திருப்பிவைக்க இன்னும் பொறுமை வேண்டும், காற்றும் கூடுதலாகப் பிடிக்கும். நான் வாங்கவில்லை. ஏப்ரலில் முதல் கோடை மழை கொட்டியபோது, மழை வலுத்திருந்த பத்து நிமிடம் மட்டும் படம் போனது. தூறலில் திரும்பி வந்துவிட்டது.